முட்டி ஜவ்வு கிழிவு: 19 வயது கபடி வீராங்கனைக்கு எந்த அறுவை சிகிச்சை பொருத்தமாக இருக்கும்?

கேள்வி: அண்ணன், திண்டுக்கல்

அனைவருக்கும் வணக்கம்.

என் தங்கைக்கு 19 வயது. கல்லூரி கபடி அணியில் ரைடராக ஆடுகிறாள். சென்ற மாதம் நடந்த ஓர் ஆட்டத்தில் எதிரணியினர் அவளுடைய வலது கணுக்காலைப் பிடித்து நிறுத்திவிட, கால் மண்ணில் ஊன்றியபடியே இருக்க, நடுக்கோட்டைத் தொடுவதற்காக உடலை மட்டும் திருப்பிப் பாய்ந்திருக்கிறாள். முட்டிக்குள் ‘டப்’ என்று ஏதோ அறுந்த ஓசை தனக்கே கேட்டதாகச் சொல்கிறாள். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி முழுவதும் வீங்கிவிட்டது. இப்போது வீக்கம் பெரும்பாலும் வடிந்து, சமதளத்தில் நன்றாகவே நடக்கிறாள். ஆனால் படியிறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முட்டி நழுவுகிறது என்கிறாள்.

எம்ஆர்ஐ அறிக்கையில் ஏசிஎல் எனப்படும் முன் சிலுவை ஜவ்வு முழுவதும் கிழிந்திருப்பதாகவும், உட்பக்க மெனிஸ்கஸின் (முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பின்) பின்பகுதியில் ஒரு கிழிவு இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். ஒருவர் பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்து வைக்கலாம் என்றார். இரண்டாமவர், விளையாடும் பெண் என்பதால் முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணை எலும்போடு சேர்த்து எடுப்பதே சரி என்றார். மூன்றாமவர், எதை வைத்தாலும் முட்டியின் வெளிப்பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டையைப் பொருத்த வேண்டும் என்றார். மூவரும் அனுபவம் மிக்கவர்கள். மூவரும் பொறுமையாகவே பேசினார்கள். ஆனால் ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஒத்துப்போகாததால் வீட்டில் குழப்பம் கூடிவிட்டது. சித்தப்பாவோ, அறுவையே வேண்டாம், உடற்பயிற்சியிலேயே சரியாகும் என்கிறார்.

மீண்டும் ஆட முடியுமா என்பதுதான் தங்கையின் கேள்வி. பிற்காலத்தில் தரையில் உட்கார்ந்து எழ முடியுமா என்பது அம்மாவின் கேள்வி. இந்த முறைகளுக்கிடையே உண்மையில் என்ன வேறுபாடு என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: எலும்பு மூட்டு மருத்துவர், மதுரை

வணக்கம். தங்கையின் முட்டியை நேரில் பரிசோதிக்காமல் இதைத்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் மூன்று மருத்துவர்களும் ஏன் வெவ்வேறாகச் சொன்னார்கள் என்பதை விளக்க முடியும். அவர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை.

பலரும் இந்த அறுவையைக் கிழிந்த ஜவ்வைத் தைப்பது என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே சிலுவை ஜவ்வுகளைத் தைத்திருக்கிறார். ஆனால் தைத்தது நிலைப்பதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களுக்குத் தையல் போட்டு ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1976-இல் வெளிவந்தபோது, பெரும்பாலோரின் முட்டி மீண்டும் தளர்ந்திருந்தது அதில் தெரிந்தது. மூட்டுக்குள் ஊறும் திரவத்தில், கிழிந்த இரு முனைகளுக்கும் இடையே ரத்தக்கட்டு நின்று புதுத் திசு உருவாக வழியில்லை என்பதே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே இன்று பெரும்பாலும் செய்யப்படுவது மறுசீரமைப்பு. உடலின் வேறோர் இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, பழைய ஜவ்வு இருந்த இடத்தில் அதைப் பொருத்துகிறோம். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் உங்கள் மருத்துவர்கள் வேறுபடுகிறார்கள்.

இப்படி எடுத்துப் பொருத்தும் தசைநாணை கிராஃப்ட் என்போம். முதலாமவர் சொன்னது ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட். முட்டியின் உட்பக்கத்தில் ஒரு சிறு கீறல் போட்டு, பின்தொடைத் தசைகளின் இரண்டு நீண்ட தசைநாண்களை உருவி எடுத்து, மடித்து, நான்கு இழைகளாக்கி வைப்பார்கள். நம் நாட்டில் மிகப் பரவலாகச் செய்யப்படும் முறை இதுதான். முட்டியின் முன்பக்கம் தொடப்படுவதில்லை என்பதால் மண்டியிடும்போது வலி குறைவு, தழும்பும் சிறியது. குறைகளும் உண்டு. தசைநாண் எலும்புத் துளைக்குள் பிடிப்பதற்கு 8 முதல் 12 வாரங்கள் ஆகும். முட்டியை நன்றாக மடக்கிய நிலையில் பின்தொடைத் தசையின் வலு ஓரளவு குறையும். எல்லாவற்றையும்விட, எடுக்கும் தசைநாணின் தடிமன் எவ்வளவு இருக்கும் என்பது எடுத்துப் பார்க்கும்வரை உறுதியாகத் தெரியாது. நான்கு இழைகளாக மடித்த பிறகும் விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், குறிப்பாக இளம் வயதினரிடம், மீண்டும் அறுந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது. மெலிந்த, உயரம் குறைந்த பெண்களிடம் இது அடிக்கடி நேர்கிறது. அப்போது ஐந்து அல்லது ஆறு இழைகளாக மடிப்பதோ வேறிடத்திலிருந்து எடுப்பதோ உண்டு. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் ஓடும் பெரோனியஸ் லாங்கஸ் தசைநாணை எடுக்கும் வழக்கமும் இந்தியாவில் சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. கணுக்காலில் எதிராளியை உதறித் தள்ளி ஆடும் ஒரு கபடி வீராங்கனைக்கு அதை என் முதல் தேர்வாக வைக்க மாட்டேன்.

இரண்டாமவர் சொன்னதை நாங்கள் சுருக்கமாக பிடிபி என்போம். முட்டிச்சில்லிலிருந்து கீழ்க்கால் எலும்புக்கு இறங்கும் பட்டையின் நடு மூன்றிலொரு பங்கை, ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலத்தில், இரு முனைகளிலும் ஒரு சிறு எலும்புத் துண்டோடு சேர்த்து எடுப்பார்கள். எலும்போடு எலும்பு ஒட்டுவதால் சுமார் ஆறு வாரங்களில் பிடித்துவிடுகிறது. நார்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளின் தேசியப் பதிவேடுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, ஹாம்ஸ்ட்ரிங் வைத்தவர்களைவிட இதை வைத்தவர்களுக்கு மறு அறுவை குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. இதற்குத் தர வேண்டிய விலை முட்டியின் முன்பக்கத்தில் இருக்கிறது. மண்டியிடும்போது வலி, முட்டிச்சில்லின் அடியில் நச்சரிப்பு, தொடக்க மாதங்களில் முன்தொடைத் தசை மெலிதல் ஆகியவை இதில் அதிகம். மிக அரிதாக, எலும்பு எடுத்த இடத்தில் முட்டிச்சில்லு உடைவதும் உண்டு. சம்மணமிட்டு உட்கார்வதற்கு இது பொதுவாகத் தடையாவதில்லை. முட்டியின் முன்பக்கத்தைத் தரையில் நேரடியாக அழுத்தி நிற்பதுதான் சிரமம். அம்மாவின் கேள்விக்கு இதுதான் என் பதில்.

முட்டிச்சில்லுக்கு மேலே உள்ள குவாட்ரிசெப்ஸ் தசைநாணையும் எடுக்கலாம். அது தடிமனானது, மண்டியிடும்போது வலியும் பிடிபி முறையைவிடக் குறைவு. கடந்த பத்தாண்டுகளில் அதன் பயன்பாடு கூடியிருக்கிறது. அதில் தேர்ச்சி பெற்றவர் உங்கள் ஊருக்கருகில் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாமவர் சொன்ன வெளிப்பக்கப் பட்டையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் தங்கையைப் போன்றவர்களுக்காகவே அது மீண்டும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஏசிஎல் கிழியும்போது, முட்டி உள்நோக்கிச் சுழல்வதைத் தடுக்கும் வெளிப்பக்கத் திசுக்களும் பலருக்குச் சேதமடைகின்றன. உள்ளே புது ஜவ்வு வைத்தாலும் அந்தச் சுழற்சியை அது ஒன்றே தாங்க வேண்டியிருப்பதால் தளர்ந்துபோகிறது. அதற்காகத் தொடையின் வெளிப்பக்கம் இறங்கும் பட்டையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அகலத் துண்டைப் பிரித்து, வெளிப்பக்க ஜவ்வின் அடியில் நுழைத்து, தொடை எலும்பில் பிணைக்கிறோம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் 14 முதல் 25 வயது வரையுள்ள 618 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஹாம்ஸ்ட்ரிங் மட்டும் வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு அதோடு இந்தப் பட்டையும் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுகளில் புது ஜவ்வு அறுந்தவர்கள் முதல் பிரிவில் 11 சதவீதம், இரண்டாவது பிரிவில் 4 சதவீதம். ஏசிஎல் அறுவையில் இவ்வளவு தெளிவான வேறுபாடு காட்டிய ஆய்வுகள் மிகக் குறைவு. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யாரென்றால், திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுக்குத் திரும்ப விரும்பியவர்கள், முட்டி மிகுதியாகச் சுழல்பவர்கள், இயல்பிலேயே மூட்டுகள் தளர்ந்தவர்கள். இந்த மூன்றில் குறைந்தது இரண்டேனும் பொருந்தியவர்கள். பட்டை சேர்த்தவர்களுக்குத் தொடக்கத்தில் வலி சற்றுக் கூடுதலாக இருந்தது. வெளிப்பக்கத்தில் ஒரு தழும்பும் கூடுதலாக இருக்கும்.

ஆகவே என் கருத்து இது. 19 வயது, கபடி, பெண் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஹாம்ஸ்ட்ரிங் மட்டும் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதற்கு நான் தயங்குவேன். பிடிபி வைக்கலாம், அல்லது தசைநாணின் தடிமன் போதுமானதாக இருந்தால் ஹாம்ஸ்ட்ரிங்கோடு வெளிப்பக்கப் பட்டையைச் சேர்க்கலாம். இவ்விரண்டில் எது என்பதைவிட, அறுவை செய்யப்போகிறவர் எதைத் தொடர்ந்து செய்துவருகிறார் என்பதற்கு அதிக மதிப்புக் கொடுப்பேன். துளை சரியான இடத்தில் விழுவது கிராஃப்ட் எங்கிருந்து வந்தது என்பதைவிட முக்கியம். மறு அறுவைக்கு வருபவர்களிடம் துளை இடம் தவறியிருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

எல்லோரும் ஏசிஎல் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அறிக்கையின் இரண்டாவது வரி கவனத்திலிருந்து நழுவிவிடக் கூடாது. அந்த மெனிஸ்கஸ் கிழிவைத் தைக்க முடியுமா, வெட்டி எடுக்க வேண்டுமா என்பதே 40 வயதில் அவளுடைய முட்டி எப்படி இருக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும். தைக்க முடிந்தால் தைக்க வேண்டும். அதற்காகச் சில வாரங்கள் காலை முழுதாக ஊன்றாமலும் 90 பாகைக்கு மேல் மடக்காமலும் இருக்க வேண்டியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: வங்கி ஊழியர், தஞ்சாவூர்

மருத்துவர் ஐயா விரிவாக எழுதியிருக்கிறார், நன்றி. ஆனாலும் சித்தப்பா சொன்னதை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததில் எனக்கும் ஏசிஎல் முழுவதுமாகக் கிழிந்தது. அப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒரு நல்ல இயன்முறை மருத்துவரிடம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தேன். இன்று மாடிப்படி ஏறுகிறேன், மிதிவண்டி ஓட்டுகிறேன், வயலில் வரப்பின் மேல் நடக்கிறேன். முட்டி ஒருமுறைகூட நழுவியதில்லை.

என் மருத்துவர் எனக்குச் சுட்டிக்காட்டியது சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு. அது 2010-இல் வெளிவந்தது. 18 முதல் 35 வயது வரையுள்ள 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை செய்தார்கள். மற்றவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்து, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வலி, அன்றாட இயக்கம், விளையாட்டு என்று அவர்கள் தாங்களே சொன்ன மதிப்பெண்களில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டு முடிவில்கூடப் பயிற்சிப் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர் அறுவை இல்லாமலேயே இருந்தார்கள். அதே நோயாளிகளின் எம்ஆர்ஐ படங்களை மீண்டும் ஆராய்ந்தபோது, பயிற்சி மட்டுமே பெற்றவர்களில் பலருக்கு ஜவ்வு தானாகவே ஒட்டியதற்கான அறிகுறிகள் தெரிந்ததாகவும் 2022-இல் எழுதியிருக்கிறார்கள். ஏசிஎல் ஒருபோதும் ஒட்டாது என்று உறுதியாகச் சொல்வது இன்று சரியாகாது என்பது என் தாழ்மையான கருத்து.

மறுமொழி: எலும்பு மூட்டு மருத்துவர், மதுரை

தஞ்சாவூர் நண்பர் சொன்ன ஆய்வு மிக முக்கியமானது. அவர் அதைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். தையல் நிலைப்பதில்லை என்று நான் எழுதியதை, ஜவ்வு எவருக்கும் தானாக ஒட்டாது என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். அவருடைய வயதிலும் வாழ்க்கை முறையிலும் இருப்பவர்களுக்கு முதலில் பயிற்சி என்பதையே நானும் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் அதே ஆய்வை இந்தப் பெண்ணுக்குப் பொருத்தும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தொழில்முறை அளவில் ஆடுபவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. பயிற்சிப் பிரிவில் இருந்த 59 பேரில் 23 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், 30 பேர் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் அறுவைக்கு வந்துவிட்டார்கள். முட்டி நழுவுவதுதான் அப்படி வருவதற்குப் பொதுவான காரணம். பிரிட்டனில் 316 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், அடிபட்டு நாளாகியும் முட்டி நழுவிக்கொண்டே இருந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பயிற்சியைவிட அறுவையே நல்ல பலன் கொடுத்தது. ஆகவே எல்லோருக்கும் அறுவை, எல்லோருக்கும் பயிற்சி என்ற இரண்டுமே பிழை. முட்டி நழுவுகிறதா, எந்த விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும், மெனிஸ்கஸ் எப்படி இருக்கிறது என்ற மூன்று கேள்விகளும்தான் பிரிக்கின்றன. இவளுக்கு நழுவுகிறது, கபடிக்குத் திரும்ப வேண்டும், மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை நழுவும்போதும் அந்தக் கிழிவு பெரிதாகக்கூடும். தைக்கும் நிலையில் இருந்தது வெட்டும் நிலைக்குப் போய்விடுமோ என்பதே என் கவலை.

மறுமொழி: இயன்முறை மருத்துவர், கோயம்புத்தூர்

எந்த கிராஃப்ட் என்பதைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். அறுவைக்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டியதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் மீண்டும் ஆட முடியுமா என்ற தங்கையின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அறுவை நாளைக் குறிப்பதற்கு முன் முட்டி முழுவதுமாக நீள வேண்டும். படுக்கையில் மல்லாந்து படுக்கச் சொல்லி, குதிகாலின் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். முட்டியின் பின்பக்கம் மறுகாலைப் போலவே மெத்தையை நோக்கித் தாழ வேண்டும். பிறகு முட்டியை மடக்காமல் காலை நேராகத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது முட்டி சற்றே மடங்கித் தளர்ந்தால் முன்தொடைத் தசை இன்னும் விழிக்கவில்லை என்று பொருள். வீக்கத்தோடும் விறைப்போடும் அறுவைக்குப் போகிறவர்களுக்கு, பிறகு முட்டியை நீட்டுவது பெரும்பாடாகிவிடுகிறது. சித்தப்பா சொன்ன பயிற்சி இந்த வகையில் வீணே இல்லை. அறுவை முடிவானாலும் இப்போதே தொடங்க வேண்டியது அதுதான்.

அறுவைக்குப் பின் பொருத்தப்படும் தசைநாண் முதல் நாளிலிருந்தே ஜவ்வாகிவிடுவதில்லை. உள்ளே போனதும் அதன் பழைய ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. பிறகு புது ரத்த நாளங்கள் நுழைந்து, திசு மெல்ல மெல்ல மாறி ஜவ்வின் தன்மையைப் பெறுகிறது. அந்த மாற்றம் முழுமையடைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டு மூன்று மாதங்களில் வலி போய்விடும், நடை சீராகிவிடும், பெண்ணும் வீட்டாரும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் உள்ளே இருக்கும் கிராஃப்ட் மிகவும் பலவீனமாக இருக்கும் காலம் ஏறக்குறைய அதுதான். என்னிடம் வரும் பிள்ளைகளில் பயிற்சியை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் நிறுத்துகிறார்கள்.

களத்துக்குத் திரும்புவதை நாள்காட்டியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். ஆனால் ஒன்பது மாதங்களுக்கு முன் கட்டாயம் வேண்டாம். நார்வேயில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் முட்டியில் அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் கடந்த பிறகும் முன்தொடைத் தசையின் வலுவைக் கருவியில் அளந்து, மறுகாலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவி நிற்கும் சோதனைகளும் உண்டு. பிடிபி வைத்தவர்களுக்கு முன்தொடைத் தசையையும், ஹாம்ஸ்ட்ரிங் வைத்தவர்களுக்குப் பின்தொடைத் தசையையும் கூடுதலாகக் கவனிப்போம். கபடிக்கென்று தனியாக ஒன்றையும் சேர்ப்பேன்: யாராவது கணுக்காலைப் பிடித்திருக்கும்போது உடலைத் திருப்பாமல், இடுப்பையும் காலையும் ஒரே திசையில் வைத்து இழுக்கப் பழக வேண்டும். முதலில் ரப்பர் பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பழக்கி, பிறகுதான் ஆளைப் பிடிக்க விடுவேன்.

மறுகாலையும் மறந்துவிடாதீர்கள். இளம் வயதில் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இரண்டாவது முறையாக ஏசிஎல் கிழிகிறது. அது அறுவை செய்த காலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல காலிலும் கிழிகிறது.

மறுமொழி: உடற்கல்வி ஆசிரியை, நாகர்கோவில்

தம்பி, நான் கல்லூரியில் கைப்பந்து ஆடியபோது ஏசிஎல் கிழிந்து, பிடிபி முறையில் அறுவை செய்துகொண்டவள். மருத்துவம் பேச எனக்குத் தெரியாது. அதோடு வாழ்வது எப்படி என்பதைத்தான் சொல்ல முடியும்.

முட்டி இன்றுவரை உறுதியாக இருக்கிறது. அறுவைக்குப் பிறகு மாநில அளவில் ஆடினேன். இப்போது மாணவிகளோடு தினமும் ஓடுகிறேன். சம்மணமிட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். முழந்தாளிடுவது மட்டும் இன்றும் சிரமம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரும் முழந்தாளிடும்போது, தழும்புக்குச் சற்றுக் கீழே, எலும்பு எடுத்த இடம் தரையில் படுகிற கணத்தில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். அதனால் சேலை முந்தானையை நான்காக மடித்து முட்டிக்கு அடியில் வைத்துக்கொள்வேன், அல்லது இருக்கையின் விளிம்பில் சாய்ந்துகொள்வேன். தழும்பின் வெளிப்பக்கம் உள்ளங்கையளவு இடம் மரத்திருந்தது. அது காலப்போக்கில் சுருங்கி, இப்போது ஒரு ரூபாய் நாணயமளவுக்கு இருக்கிறது. இவை எதுவும் என்னை வருத்தப்பட வைக்கவில்லை. ஆனால் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் முதல் ஆண்டில் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தங்கையிடம் நேரடியாகக் கேளுங்கள். காயம் அவளுடையது, ஆட்டமும் அவளுடையது. ஒன்பது மாதம் அணியோடு பயணம் செய்யாமல், ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்பதுதான் என்னை உண்மையில் வதைத்தது. அவளுடைய பயிற்சியாளரிடம் சொல்லி, களத்துக்கு வெளியே மதிப்பெண் குறிக்கும் வேலையையாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்: அண்ணன், திண்டுக்கல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அக்கா எழுதியதைத் தங்கையே படித்தாள். முழந்தாளிடுவது தனக்குப் பெரிதல்ல, நடுக்களத்தில் முட்டி நழுவுவதுதான் பயம் என்றாள். வீட்டில் அறுவை என்று முடிவாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. செயற்கை ஜவ்வு வைத்தால் நான்கே மாதத்தில் ஆடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இறந்தவர்களிடமிருந்து பெறும் தசைநாண் வைத்தால் உடலில் வேறெங்கும் வெட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். இவற்றை எண்ணிப் பார்க்கலாமா? செலவுக்கு அரசுக் காப்பீடு உதவுமா?

மறுமொழி: எலும்பு மூட்டு மருத்துவர், மதுரை

இறந்தவர்களிடமிருந்து பெறும் திசு, 19 வயதில் கபடிக்குத் திரும்ப வேண்டியவளுக்கு வேண்டாம். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய நீண்டகாலப் பின்தொடர் ஆய்வில், இளம் வயதினரிடம் அந்தத் திசு அறுந்துபோகும் வாய்ப்பு சொந்தத் திசுவைவிடச் சில மடங்கு அதிகம் என்று தெரிந்தது. வயது கூடியவர்களுக்கும், ஏற்கெனவே ஒருமுறை அறுவை செய்து எடுக்கச் சொந்தத் தசைநாண் மிஞ்சாதவர்களுக்கும் அது பயன்படும்.

செயற்கை ஜவ்வைப் பொறுத்தவரை, 1970-களிலும் 80-களிலும் கார்பன் இழை, கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பொருள் எனப் பலவற்றை நம்பிக்கையோடு வைத்தார்கள். அவை நாளடைவில் தேய்ந்து, அறுந்து, உதிர்ந்த துகள்கள் மூட்டுக்குள் அழற்சியை உண்டாக்கின. இப்போது கிடைப்பவை அவற்றைவிட மேம்பட்டவைதான் என்றாலும், அறுபது ஆண்டுகள் இந்த முட்டியோடு வாழப்போகிற பெண்ணுக்கு நான்கு மாதத்தில் ஆடலாம் என்ற காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த நான்கு மாதக் கணக்கு ஜவ்வை மட்டும்தான் பார்க்கிறது. முன்தொடைத் தசைக்கும் தைத்த மெனிஸ்கஸுக்கும் அவ்வளவு விரைவில் வலு வந்துவிடாது. சொந்தத் தசைநாணோடு சேர்த்து வலுவூட்டும் நாடாவை வைப்பது வேறு. உங்கள் மருத்துவர் அதைச் சொன்னால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்து அட்டை பெறலாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையில் இந்த அறுவை அத்திட்டத்தின் கீழ் செய்யப்படுகிறதா என்பதை அங்கிருக்கும் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். பொருத்தும் திருகுக்கும் பட்டனுக்கும் மெனிஸ்கஸ் தையலுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டணச் சீட்டில் பெரிய தொகையாக வருவது பெரும்பாலும் அவைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஆர்த்ரோஸ்கோபி எனப்படும் மூட்டு நுண்துளை அறுவை நடக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை தொலைவில்லை.

மருத்துவரை முடிவு செய்யும் நாளில் தங்கையையும் அருகில் வைத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்: நீங்கள் வழக்கமாக எந்த கிராஃப்ட் வைக்கிறீர்கள்? உள்ளே எடுத்த பிறகு தடிமன் 8 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மயக்கத்தில் முட்டியைச் சுழற்றிப் பார்த்த பிறகு வெளிப்பக்கப் பட்டை வேண்டுமா என்று முடிவெடுப்பீர்களா? மெனிஸ்கஸைத் தைக்கும் கருவிகள் அன்று தயாராக இருக்குமா? இந்த நான்கையும் தயக்கமின்றிக் கேளுங்கள். இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவர் ஹாம்ஸ்ட்ரிங்கோடு பட்டை என்றாலும், பிடிபி என்றாலும், நீங்கள் ஒப்புக்கொள்ளலாம்.